வினா பதினான்கு

குருமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை நின்ற அன்று எனக்கு முப்பத்தொரு வயது.
எங்கள் பக்கத்தில் பாதை நீரிலும் மிதக்கும்:
ஓர் இரும்புத் தட்டு, இரண்டு மோட்டச்சைக்கிள்,
சீமெந்துப் பக்கட், கால் கட்டிய ஆடு,
ஐநூறு வினாக்கொத்தோடு நான்.

வினா பதினான்கு: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

வெல்லாவெளியில் பூரணிப்பிள்ளை
நெல் அவித்துக்கொண்டே சொன்னா,
"நானா? சும்மாதான் இரிக்கன் புள்ள.
அவருதான் வேலைக்குப் போறவர்."
அவர் அன்றைக்கு வேலை கிடைக்காமல்
வாங்கில் படுத்திருந்தார்.

சும்மா இருப்பவருக்குக் குறியீடு ஒன்பது.
ஒன்பது என்று எழுதினேன்.
புகை என் கண்ணிலும் பட்டது, எழுதினேன்.

அதைத் திருத்தத்தான் மறுகா பதினைந்து வருசம் போனது.

ஆணுக்கு எண்ணூறு, பெண்ணுக்கு ஐநூறு.
ஏனென்று கேட்டால் போடியார் சொன்னார்,
"ஆம்பிள மூட்ட தூக்குவான்."
மூட்டை தூக்கியது போகத்துக்குப் பதினொரு நாள்.
பெண்கள் குனிந்து நின்றது நாற்பத்துநான்கு நாள்.
இரண்டையும் எண்ணினேன்.
எண்ணி முடிக்கமுன் வெட்டுமெசின் வந்துவிட்டது.
பெண்களின் கூலி என்ற நிரல்
அடுத்த வருடம் வெறுமையாய்க் கிடந்தது.
வெற்றிடத்தை எப்படிக் கணிப்பது என்றொரு கட்டுரை எழுதி
பிராங்பர்ட்டில் வாசித்தேன்.
கைதட்டினார்கள். சரியான குளிர்.

நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்:
"இது மட்டக்களப்புக்கு வெளியே பொருந்துமா?"
கண்டியைப் பற்றி எழுதியவரிடம்
கண்டிக்கு வெளியே என்று எவரும் கேட்கவில்லை.
எனக்கு முன்னால் வெளியே வந்தவர் அவர்தான்,
சிரித்துக்கொண்டு.

பேராசிரியர் அறைக்கு மாறுகிற கிழமை
வந்தாறுமூலையில் நல்ல வெயில்.
அலுமாரி அடியில் கறையான் தின்ற கோப்பு,
தின்னாமல் விட்ட ஒரு வவுச்சர்.

நிரோசன், நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
டிலக்சன், ஆயிரத்து இருநூறு.
கோமளேஸ்வரி, எண்ணூற்று ஐம்பது.
காரணம்: சொந்த மோட்டச்சைக்கிள் இல்லை.
கீழே பச்சை மையில் என் கையெழுத்து.
பெற்றோல் காசு வேறு வவுச்சரில்
அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

நடந்தேதான் போனாள் கோமளா.
அவள் நிரப்பிய கொத்தில் வெற்றுக் கட்டமே இருக்காது.
பாலையடிவட்டையில் ஒரு வீட்டில்
பதினான்காம் வினாவுக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்:
"சும்மா இருப்பதாகச் சொல்கிறா.
நான் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில்
இரண்டு அவியல் இறக்கினா, மாட்டுக்குத் தண்ணி வைத்தா,
மகனுக்கு அடி போட்டா, எனக்குப் பிளேன்டீ தந்தா.
இதற்கு என்ன குறியீடு மிஸ்?"

அந்தக் கேள்விதான் என் ஆய்வேட்டின் நான்காம் இயல்.
அடிக்குறிப்பில் அவள் பெயர்
"களப்பணியாளர் ஒருவர்".

முந்நூற்றைம்பதை அறுபத்துமூன்றால் பெருக்கினேன்.
இருபத்திரண்டாயிரத்து ஐம்பது.
வட்டி எப்படிப் போடுவதென்று தெரியவில்லை.
கூலியைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன்,
வட்டி தெரியவில்லை.

இலக்கம் தேடிப் பிடிக்க இரண்டு நாள்.
களுவாஞ்சிக்குடியில் பாமசி ஒன்றில் நிற்கிறாளாம்.
யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டே பேசினாள்.
நான் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன்,
மன்னிப்பு உட்பட.
கொஞ்ச நேரம் மாத்திரை மட்டும் விழுந்தது.

"அறுபத்துமூண்டு இல்ல மிஸ்,
எழுபத்தொண்டு நாள்.
வெள்ளத்தில பாதை ஓடாத கிழமை
வெல்லாவெளியிலயே நிண்டு எழுதினன்.
அந்த எட்டு நாள நீங்க பதியல்ல."

எட்டு நாள்.
அதற்கு எண்ணூற்று ஐம்பதும் இல்லை.

"லைன்ல இருங்க மிஸ், ஆள் வந்திட்டு" என்றாள்.
எழுதிக்கொள்ள ஒரு பேனை தேடினேன்.
மேசையில் பச்சை மைதான் கிடந்தது.